ராஜகனி கூப்பிட்டா எடுத்துருவாவ

இந்தப் பக்கம் வந்து உக்காருங்க தாயி. ஜன்னலோரம் நான் இருந்துக்கிடுதேன். வலது காதுலதான் மெஷின் இருக்கு. அந்தப் பக்கம் உக்காந்து நீங்க பேசினா எனக்கு ஒண்ணும் விளங்காது.

ஆமா, இதான் அது. காலையில பதினோரு மணிக்கு மாட்டிவிட்டாவ. இந்த பஸ் இம்புட்டு இரைச்சல் போடும்னு எனக்கு மறந்தே போச்சு பாத்துக்கிடுங்க. ஆறு வருசமா பஸ்ஸுன்னா எனக்கு ஆட்டம்தான், சத்தமே கிடையாது. நீங்க டீச்சரா? நர்ஸா! அதான் பாத்தேன், நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிய. மெதுவாவே பேசுங்க, கத்த வேண்டாம். என்னைக் கண்டாலே எல்லாருக்கும் கத்தத்தான் தோணுது.

விலைக்கு வாங்கல தாயி. கவர்மெண்டுல குடுத்தது. சும்மா தூக்கிக் குடுத்துட்டாவன்னு நெனைச்சிராதிய. ஒம்பது மாசம்! போன் போட்டுப் போட்டு பெருவிரல் தேஞ்சு போச்சு. இது முழுக்க என் முயற்சி. எவளும் எனக்காவ ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல. முக்கியமா எங்க ராஜகனி.

ராஜகனி யாருன்னு கேக்கியளா? என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வளவு, ஒரே முற்றம், ரெண்டு வாசல். ஆம்பளைய ரெண்டு பேரும் கேரளாவுல செங்கல் சூளையில கிடக்காவ. நாங்க ரெண்டு பேரும் பீடி சுத்துதோம். காலையில எட்டு மணிக்கு ஆளுக்கொரு சொளவுல இலையும் பொகையிலைத் தூளும் போட்டு மடியில வச்சா, சாயங்காலம் கடைக்குப் பீடிக் கட்டு கொண்டுபோற வரைக்கும் அவ மூஞ்சியில நானும் என் மூஞ்சியில அவளும்தான் முழிக்கணும். என்ன செய்ய, தலையெழுத்து அப்படி.

அவளைப் பத்தி குறை சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல. உள்ளதச் சொல்லுதேன். அவளுக்குக் குரல் நல்லாருக்கும். அம்மன் கோயில் கொடையில கும்மிக்கு அவதான் மொத அடி எடுப்பா. எனக்குக் காது போறதுக்கு முந்தின கொடையில கூட கேட்டிருக்கேன். ஊரே வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். நானும் பாடுவேன், ஆனா எங்களைப் பின்பாட்டுக்குத்தான் கூப்பிடுவாவ. சரி, போவட்டும். சாமி காரியம். ஆனா பாட்டு முடிஞ்ச பொறவும் அந்தக் குரலை வச்சு என் வீட்டையே சுருட்டி மடியில கட்டிக்கிட்டா பாத்தியளா, அதைத்தான் என்னால தாங்க முடியல.

எனக்கு ஒரே மவ, வளர்மதி. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. பனியன் கம்பெனியில தைக்கா. எனக்குக் காது மந்தமானதும் அவ என்ன செஞ்சா தெரியுமா? எனக்குப் போன் பண்ணுததை விட்டுட்டா. சித்தி போனுக்குப் பண்ணுதா! இவ உக்காந்து ஊங்கொட்டி, சிரிச்சு, கண்ணைத் தொடச்சு, அரை மணி நேரம் பேசுவா. நான் எதுக்க உக்காந்து வாயைப் பாத்துக்கிட்டு இருப்பேன். பொறவு போனை வச்சிட்டு என்கிட்ட வந்து, "எக்கா, வளரு நல்லா இருக்காளாம்"ம்பா. அவ்வளவுதான். அரை மணி நேரப் பேச்சு எனக்கு ஒரு வரியா வரும். மீதியெல்லாம் அவ முழுங்கிருவா. அவளுக்குப் பிள்ளை இல்ல தாயி. அதுக்கு நான் என்ன செய்ய? என் பிள்ளையை எடுத்துக்கிடுததா?

இந்த ஆனி மாசம் வளர்மதி முழுகாம இருக்கிற சேதியை யார்கிட்ட மொதல்ல சொன்னா? அவகிட்ட. இவ முற்றத்துல நின்னு, "எக்கா! நம்ம வளரு முழுகாம இருக்கா!"ன்னு கத்துதா. எனக்குக் கேக்கும் முன்னால கோடி வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கு. கோடி வீட்டுக்காரி சீனி அள்ளிக்கிட்டு வந்து ராஜகனி வாயிலயும் போடுதா. பெத்தவ நான் இருக்கேன்! அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கல.

அதுக்கு முந்தியே, தை மாசத்துலயே, யூனியன் ஆபீஸ்ல முகாம் வச்சாவ. டாக்டர் இரும்புக் கவட்டை ஒண்ணைத் தட்டித் தட்டி காதுப்பக்கம் வச்சாரு. இடது காது சுத்தமாப் போச்சு, வலதுல கொஞ்சூண்டு இருக்கு, மெஷின் வச்சா கேக்கும்னு எழுதிக் குடுத்தாரு. ராஜகனியும் கூட வந்திருந்தா, ஃபாரம் பூர்த்தி பண்ண. போன் நம்பர்ங்கிற இடம் வந்ததும் அவ நம்பரை எழுதப் போறா! "எக்கா, என் நம்பர் இருக்கட்டும், கூப்பிட்டா நான் எடுத்துப் பேசிக்கிடுதேன்"ங்கா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. மவ பேச்சைத்தான் வாங்கிக்கிட்டா, ஆபீஸ் பேச்சையும் இவளே வாங்கணுமா? பேனாவைப் பிடுங்கி, அவ எழுதின ரெண்டு எழுத்தை அடிச்சிட்டு, என் நம்பரைப் போட்டேன். என் காது, என் மெஷின், என் நம்பர். தப்பா?

அங்க இருந்தவரு என்ன சொன்னாருன்னா, மெஷின் வந்ததும் போன்ல கூப்பிடுவோம், சரி வாரேன்னு நீங்க உறுதி சொல்லணும், சொல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும், ரொம்ப நாள் ஆச்சுன்னா நீங்களே இந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கன்னாரு. அன்னையில இருந்து போனை மடியை விட்டு இறக்கல. கூப்பிட்டா தொடையில அதிருமில்லா. அப்பப்ப ஏதோ நம்பர்ல இருந்து வரும். எடுத்து அலோ அலோம்பேன். ஒருத்தனும் பேச மாட்டான். வச்சிருவேன். சும்மா போன் பண்ணி விளையாடுததுக்குன்னே ஊர்ல ஆள் இருக்கு.

ரெண்டு மாசம் பொறுத்தேன். பொறவு நானே போட ஆரம்பிச்சேன். ஐயோ தாயி, அந்த ஆபீஸ் போன் இருக்கே! காலையில போட்டா மணி அடிக்கும், அடிக்கும், ஓஞ்சு போவும். ஒரு தடவை அடிச்சு ஓயுததுக்குள்ள நான் ரெண்டு பீடி சுத்திருவேன். பத்தரைக்குப் போட்டா டீ குடிக்கப் போயிருப்பாவ. பன்னெண்டுக்குப் போட்டா சாப்பாடு. மூணு மணிக்குப் போட்டா கேம்புக்குப் போயிருப்பாவ. நான் நேர்ல கண்டதில்ல, ஆனா வேற எங்க போவாவ? மணி அடிக்கது மட்டும் எனக்கு வலது காதுல கொசு இரைச்சல் மாதிரி கேக்கும். சில நாள் ரெண்டு தடவை அடிச்சதுமே கொசு நின்னு போவும். அங்க ஒரு சத்தமும் இருக்காது. நிறுத்திட்டான் பாத்தியளா, வேணும்னே நிறுத்திட்டான். எனக்கு ஆத்திரம் வந்துரும். "ஏலே சம்பளம் வாங்குத சவமே, போனை எடுத்தா கை முறிஞ்சா போவும்? உன் ஆத்தாளுக்குக் காது கேக்கலன்னா இப்படித்தான் செய்வியா?"ன்னு நாலு ஏச்சு நல்லா ஏசிட்டுத்தான் வைப்பேன். எடுக்காத போன்லதானே ஏசுதோம், யாருக்குக் கேக்கப் போவுது? மனசு கொஞ்சம் ஆறும்.

எதுக்குச் சிரிக்கிய? சரி, சிரிங்க.

நேர்லயும் போனேன். ஒரு நாள் வேலையை விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி. வாசல்லயே ஒரு போர்டு. போன்ல பேசி நேரம் வாங்கிட்டுத்தான் உள்ள வரணுமாம். காவக்காரன் அதை விரலால தட்டித் தட்டிக் காட்டுதான். காது கேக்காதவளுக்கு ஆபீஸ் வச்சிருக்கிய, போன்ல பேசிட்டு வாங்கன்னு சொல்லுதிய, உங்க மூளையை எங்கய்யா அடகு வச்சியன்னு கேட்டேன். ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். மேசையில போன் இருக்கு. நாற்காலியில ஒரு துண்டு மட்டும் உக்காந்திருக்கு. ஆள் இல்ல. அந்தத் துண்டைப் பாத்துட்டுத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்தா, ராஜகனி போன்ல பேசிக்கிட்டு இருக்கா. யார் கூட? அதே ஆபீஸ் கூட!

எப்படித் தெரியும்னா, நான் ஆறு வருசமா வாயைப் பாத்துத்தான் பேச்சைப் பிடிக்கேன். அவ போனை சொளவுல, தூளுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டு, சத்தத்தைத் திறந்துவிட்டுட்டு கை பாட்டுக்குச் சுத்துவா. சுண்டுவிரலால அமுக்குவா, சுத்துவா, அமுக்குவா, சுத்துவா. நான் தலையைத் தூக்குத நேரம் வாய் அசையுது. "மேடம்"ங்கா. "மெஷின்"ங்கா. பொறவு என் பேரு வருது, தங்கபுஷ்பம்னு. நான் மாசக்கணக்காக் கத்துதேன், எனக்கு எடுக்கல. இவ கூப்பிட்டா எடுத்துருவாவ! அந்தக் குரல்தான் தாயி. அந்தத் தேன் குரல்ல "மேடம்"னா கல்லும் எடுக்கும். குரலுக்கு மெருகு ஏத்துததுக்குன்னே எந்நேரமும் பனங்கற்கண்டும் மிளகும் வாயில அதக்கிக்கிட்டு இருப்பா. அவ்வளவு மினுக்கு.

ஆபீஸ்காரிகிட்ட மேடம் மேடம்னு மெல்லப் பேசுதவ, என்கிட்ட மட்டும் தெருவே அதிர "எக்கா"ன்னு கத்துவா. எனக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கெல்லாம் ஞாபகப்படுத்தணும் அவளுக்கு.

நான் நேரா கேட்டேன். "என் மெஷினை உனக்கு மாத்தப் பாக்கியாட்டி? மவளை எடுத்த, இப்ப காதையும் எடுக்கியா?" அவ கையைக் கையை ஆட்டி என்னமோ சொன்னா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். எனக்கு அது ஒரு வசதி தாயி, கண்ணை மூடிட்டா எவ பேச்சும் என்கிட்ட வராது. ஆடி பொறந்த அன்னைக்கு நடந்தது. அன்னையில இருந்து சொளவைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பாத்து உக்காந்துதான் பீடி சுத்துனேன். ரெண்டு மாசம். முதுகை மட்டும் பாக்கட்டும்னு.

ஆனா திரும்பிப் பாக்காம இருக்க முடியுமா? தண்ணி குடிக்க எந்திரிக்கிற சாக்குல ஓரக்கண்ணால பாப்பேன். எந்நேரமும் அமுக்குதா, சுத்துதா. அந்த ரெண்டு மாசமும் அவ கட்டு குறைஞ்சே போச்சு. எப்பவும் என்னைவிட கூடச் சுத்துதவ! கடையில அவளை ஏசுனாவளாம், இப்படிச் சுத்துனா பேரை எடுத்துருவோம்னு. கோடி வீட்டுக்காரி கையைக் காட்டிச் சொன்னா. பொய் சொல்லல, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துது. போன்ல எவன்கூடயோ அரட்டை அடிச்சா கட்டு குறையத்தானே செய்யும்?

இருங்க, கண்டக்டர் டிக்கெட் கேக்காரு. புதுக்குளம் விலக்கு ஒண்ணு. பாத்தியளா, அவரு கேட்டது எனக்குக் கேட்டுட்டு!

எங்க விட்டேன்? ஆங். முந்தாநாள் காலையில கதவைத் திறந்தா கீழ ஒரு சீட்டு. கதவுக்கு அடியில தள்ளியிருக்கு. "வெள்ளிக்கிழமை 11 மணி. மெஷின் ஆபீஸ். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு மறக்காதே"ன்னு பெரிய பெரிய எழுத்து. எனக்குப் படிக்க வசதியா எழுதியிருக்காவ. நானே போட்ட போனுக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு, எங்கேயோ ஒரு ஏச்சு உறைச்சிருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன். பீடிக் கட்டுக்கு ஒட்டுத லேபிள் தாளோட பின்பக்கம் எழுதியிருந்தது. கவர்மெண்டுக்கு தாளுக்குக் கூட கஷ்டம் போல.

என்ன பாக்கிய? எழுத்தா? எழுத்து... ராஜகனி எழுத்து மாதிரிதான் இருந்துது. கோழி கிளறின மாதிரி. ஆனா அவ எதுக்கு எழுதப் போறா, ரெண்டு மாசமா முதுகைக் காட்டுதவளுக்கு?

சரி, கேளுங்க. இன்னைக்கு ஆபீஸ் போறேன். துண்டு கிடந்த நாற்காலியில கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பிள்ளை இருக்கு. மெஷினை மாட்டிவிட்டு, திருகி வச்சு, "கேக்குதாம்மா?"ன்னுது. கேட்டுது தாயி. எனக்கு அழுகை வந்துட்டு. ஃபேன் சத்தம் கூட கேட்டுது. என் வளையல் குலுங்குதது எனக்கே கேட்டுது. பேரைச் சொல்லுங்கம்மான்னுது. தங்கபுஷ்பம்னேன். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழ போட்டுட்டு, "சார், இங்க வாங்க, தங்கபுஷ்பம் அம்மா வந்திருக்காங்க!"ன்னு உள்ள பாத்துக் கூப்பிடுது. ரெண்டு மூணு பேரு வந்து என்னைப் பாக்காவ. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துது. பெரிய ஆள் மாதிரி.

அந்தப் பிள்ளை சொல்லுது: "நீங்கதானாம்மா அது? நாங்க போனை எடுத்து அலோன்னா பதிலே சொல்ல மாட்டீங்க. எங்க ஆத்தா வரைக்கும் திட்டிட்டு வச்சிடுவீங்க. நாங்களா கூப்பிட்டாலும் அலோ அலோன்னுட்டு கட் பண்ணிடுவீங்க. மூணு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு பேரை அடிச்சிட்டோம்."

பொய்! எடுத்தா எனக்குத் தெரியாதா? தப்பை மறைக்கப் பேசுதாவ. நான் அப்படியே சொன்னேன். அந்தப் பிள்ளைக்குக் கோவம் வரல. சிரிச்சுக்கிட்டே, "பாதி நாள் நாங்களும் எடுக்கிறது இல்லம்மா, அது உண்மை. நாலு பேரு பாக்கிற வேலையை நான் ஒருத்தி பாக்கிறேன். ஆனா உங்க தங்கச்சி விட்டாங்களா? ஒரு நாள் நான் வெளிய போயிட்டு வந்து பாக்கிறேன், அவங்க நம்பர்லேருந்து மட்டும் முப்பத்தெட்டு தடவை வந்திருக்கு. எடுக்கிற வரைக்கும் விட மாட்டாங்க. அடிச்ச பேரை மறுபடி எழுத வச்சதே அவங்கதான்"ன்னுது.

முப்பத்தெட்டாம்! நான் பாக்கும்போது மொத தடவையே எடுத்த மாதிரிதான் இருந்துது.

இன்னொண்ணும் சொல்லிச்சு. அவ என்ன சொல்லிக் கேட்டாளாம் தெரியுமா? "மேடம், அக்காவுக்கு மெஷினைக் குடுத்து என்னைக் காப்பாத்துங்க. ஆறு வருசமா கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. அவ மவளும் பேசணும் பேசணும்னு அழுவுதா. நான் எம்புட்டுன்னுதான் நடுவுல நின்னு சொல்லுதது?"ன்னாளாம். பாத்தியளா? என்னைக் குறை சொல்லித்தான் காரியத்தை முடிச்சிருக்கா. என் மெஷினுக்கு நான் போட்ட போன் ஒண்ணுகூட கணக்குல இல்லையாம், அவ போட்டதுதான் சேந்துச்சாம். இதுலயும் அவதான் மொத அடி, நான் பின்பாட்டு. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

வளர்மதிக்கா? போட்டேனே, ஆபீஸ் வாசல்லயே. எடுக்கல. கம்பெனிக்குள்ள போனை வாங்கி வச்சிருவாவ. சாயங்காலம்தான் குடுப்பாவ.

ராஜகனிக்கா? நானா? நல்லாச் சொன்னிய. ரெண்டு மாசமாப் பேசாதவ நான் எதுக்குப் போடணும்? வேணும்னா அவ போடட்டும். அவளுக்குத்தான் போன் போடுதது கை வந்த கலையாச்சே.

அந்த லேபிள் தாளையா? மடியிலதான் வச்சிருக்கேன். ஏன் வச்சிருக்கேன்னா... சும்மாதான்.

சரி, நீங்க இவ்வளவு சொல்லுதியேன்னு பாக்கேன். உங்களுக்காவத்தான். நம்பரை எடுத்து, இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கித் தாங்க. காதுல ஒட்டி வச்சா மெஷின் கீச்சுங்கும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு, சத்தத்தைத் திறந்துவிடுங்க. ஆனா எடுக்க மாட்டா, பாருங்க. என் நம்பரைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிடுவா...

அம்மாடி. மணி இவ்வளவு சத்தமாவா அடிக்கும்?

எடுத்துட்டா! ஒரு மணிதான் அடிச்சுது!

ஏட்டி ராஜகனி. ஏட்டி, கத்தாதட்டி, காது ரெண்டாப் பொளக்குது. நீ கத்த வேண்டாம். கேக்குது. கேக்குதுன்னு சொல்லுதேன்லா. மெஷின் மாட்டியாச்சு.

பாத்தியளா தாயி, நின்னு போச்சு. ஒரு பேச்சும் இல்ல. வச்சுட்டா போல. இதான் அவ... 

இல்ல. இருங்க. மூக்கை உறிஞ்சுதா. எடுத்துக்கிட்டுத்தான் இருக்கா. பேசாட்டாலும் அங்கதான் இருக்கா.

அப்போ... அந்த ஆபீஸ் பிள்ளை சொன்னது நெசமா தாயி? கொசு நின்னப்ப எல்லாம் அங்க ஆள் இருந்துச்சா?

ஏட்டி, என்னமாச்சும் பேசு. மெல்லப் பேசு. ஆங், எக்கான்னுதான் சொல்லுத, கேக்குது. இன்னொரு தடவை சொல்லு.

தாயி, போன்ல ஏதாவது கோளாறா? உங்களுக்கும் இப்படித்தான் கேக்குதா? கரகரன்னு, தகரத்தைத் தரையில இழுக்குத மாதிரி? இது ராஜகனி குரல் இல்லியே. இவ பாடினா ஊரே நிக்கும். நான் கேட்டிருக்கேன். கொடையில கேட்டிருக்கேன். இந்தக் குரலுக்கா நான் இத்தனை நாள் வயிறு எரிஞ்சேன்?

ஏட்டி, குரல் எங்கட்டி போச்சு? ஆமா, ஆமா, தெரியும். எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். என்கிட்டதான் போச்சு. நீ பதில் சொல்லாத. கற்கண்டை வாயில போட்டுக்கிட்டு கம்முனு இரு. இனிமே நான் பேசுதேன், நீ கேளு. புதுக்குளம் விலக்குல இறங்கி நடந்து வாரேன். சோறு வடிச்சுட்டியா? ஒண்ணும் பேசாத, சும்மா ஊம் மட்டும் கொட்டு. என் சொளவைத் திருப்பிப் போடு, உன்னைப் பாத்து.

பொறவு இன்னொண்ணு, கேட்டுக்கோ. சாயங்காலம் வளர்மதி உன் போனுக்குக் கூப்பிடுவாள்லா? மொதல்ல நான்தான் எடுப்பேன். நீ பொறவு பேசு.